கவலையைக் கர்த்தருக்கு முன்பாக விரித்துவைப்பது எப்படி?

கவலையில் இருக்கிறவரிடம் "கவலைப்படாதீர்கள், விசுவாசமாயிருங்கள்" என்று சொல்லிவிட்டுப் போவது எளிது. கேட்டவருக்கோ, ஏற்கெனவே இருந்த கவலை போதாதென்று, தமக்கு விசுவாசம் குறைந்துவிட்டதோ என்ற புதுக் கவலையும் சேர்ந்துகொள்கிறது. வேதாகமம் இப்படிக் கைகழுவிவிட்டுப் போவதில்லை. "நீங்கள் ஒன்றுக்குங் கவலைப்படாமல்" என்று பிலிப்பி சபைக்குக் காவலிலிருந்து எழுதிய அதே பவுல், கொரிந்து சபைக்கு எழுதிய இரண்டாம் நிருபத்தில், "எல்லாச் சபைகளைக்குறித்தும் உண்டாயிருக்கிற கவலை என்னை நாள்தோறும் நெருக்குகிறது" என்று ஒளிக்காமல் சொல்கிறார் (11:28). பிலிப்பியர் 4:6ஐப் பாதியில் நிறுத்தாமல் கடைசிவரை வாசித்தால், அது "உங்கள் விண்ணப்பங்களை ஸ்தோத்திரத்தோடே கூடிய ஜெபத்தினாலும் வேண்டுதலினாலும் தேவனுக்குத் தெரியப்படுத்துங்கள்" என்று முடிகிறது. கவலைப்படுகிற மனம் நாள் முழுவதும் தனக்குள்ளே பேசிக்கொண்டுதான் இருக்கிறது. அந்தப் பேச்சைத் தேவனை நோக்கித் திருப்பக் கற்றுக்கொடுப்பதே வேதவசனம் செய்கிற வேலை. எந்த வரிசையில், எந்தப் பகுதிகளைக் கொண்டு அதைச் செய்யலாம் என்பதை இங்கே எழுதுகிறேன். மேற்கோள்கள் யாவும் நம்மில் பலருக்கு மனப்பாடமாயிருக்கும் பழைய மொழிபெயர்ப்பிலிருந்து எடுக்கப்பட்டவை. அந்த நடை கடினமாயிருப்பவர்கள் தங்களுக்குப் பழகிய எந்தத் தமிழ் மொழிபெயர்ப்பிலும் வாசிக்கலாம்.

முதலில் கடிதத்தை வாசியுங்கள்

2 இராஜாக்கள் 18, 19ஆம் அதிகாரங்களை ஒரே மூச்சில் வாசித்துப் பாருங்கள். கி.மு. 701இல் அசீரியா ராஜாவாகிய சனகெரிப் யூதாவின் அரணான பட்டணங்களைப் பிடித்துக்கொண்டு எருசலேமை நெருக்குகிறான். எசேக்கியா ராஜா 300 தாலந்து வெள்ளியும் 30 தாலந்து பொன்னும் கொடுத்துப் பார்த்தும் பயனில்லை. அவன் அனுப்பின ரப்சாக்கே என்கிற அதிகாரி வந்து, அலங்கத்தின்மேல் இருக்கிற ஜனங்களுக்கெல்லாம் கேட்கும்படி, அவர்களுடைய பாஷையிலேயே உரக்கப் பயமுறுத்துகிறான். பிறகு அதே மிரட்டல் ஒரு நிருபமாக எழுதப்பட்டு வருகிறது. எசேக்கியா அதை வாங்கி வாசித்துவிட்டு, கர்த்தரின் ஆலயத்துக்குப் போய், அதைக் கர்த்தருக்கு முன்பாக விரிக்கிறார் (19:14).

அவர் அதைக் கிழித்தெறியவும் இல்லை, வாசிக்காமல் மடித்து வைக்கவும் இல்லை. தொடர்ந்து வரும் ஜெபத்தில், முதலாவது தேவன் யார் என்று சொல்கிறார். பிறகு கடிதத்தை அனுப்பினவன் பெயரைச் சொல்கிறார். அசீரியா ராஜாக்கள் பல தேசங்களை நாசமாக்கியது மெய்தான் என்று ஒப்புக்கொள்கிறார். அந்தத் தேசங்களின் தெய்வங்கள் மனுஷர் கைவேலையாயிருந்ததையும் சுட்டிக்காட்டுகிறார். கடைசியில், எங்களை இரட்சியும் என்று கேட்கிறார். எதிரியின் பலத்தைக் குறைத்துச் சொல்லி மனதைத் தேற்றிக்கொள்கிற வேலை அந்த ஜெபத்தில் எங்கும் இல்லை. ஏசாயா தீர்க்கதரிசியின் மூலமாக இந்த ஜெபத்துக்குப் பதில் வந்தது இதற்குப் பிறகுதான் என்பதையும் கவனிக்க வேண்டும்.

உங்கள் கவலைக்கும் இப்படி ஒரு கடித வடிவம் தேவை. "மனசு சரியில்லை", "எல்லாமே பயமாயிருக்கிறது" என்பவற்றை விரித்துவைக்க முடியாது. ஒரு நோட்டை எடுத்து, பயத்தை ஒரே வாக்கியமாக எழுதுங்கள். உதாரணமாக, மார்பில் ஒரு கட்டி தட்டுப்பட்டு, திங்கட்கிழமை பயாப்சி செய்துகொண்டு, வெள்ளிக்கிழமை வரப்போகும் ரிப்போர்ட்டுக்காகக் காத்திருக்கும் ஒரு தாயை எடுத்துக்கொள்வோம். அவர் மனதில் ஓடுவது ஒன்றல்ல: புற்றுநோயாயிருந்தால் என்ன ஆகும், பிள்ளைகளின் பரீட்சை நேரமாயிற்றே, செலவுக்கு எங்கே போவது, ஸ்கேன் எடுத்தவர் முகம் ஏன் அப்படி மாறியது, அம்மாவிடம் எப்படிச் சொல்வது. எல்லாம் ஒன்றோடொன்று பின்னிக்கொண்டு கிடக்கும். அவர் எழுத வேண்டிய வாக்கியம், "வெள்ளிக்கிழமை ரிப்போர்ட்டில் புற்றுநோய் என்று வந்துவிடுமோ என்று பயப்படுகிறேன், வந்தால் என் பிள்ளைகளை யார் பார்ப்பார்கள் என்று பயப்படுகிறேன்" என்பது. அதன் கீழே, தெரிந்தது, தெரியாதது என்று பிரித்து எழுதட்டும். கட்டி இருக்கிறது, திசு எடுத்திருக்கிறார்கள், முடிவு வெள்ளிக்கிழமை வரும். இவை தெரிந்தவை. அது என்ன கட்டி என்பது தெரியாதது. ஸ்கேன் எடுத்தவரின் முகம் மாறியதற்குக் காரணம் அவருடைய சொந்த வீட்டுப் பிரச்சினையாகக்கூட இருக்கலாம். ஆகவே அதுவும் தெரியாதவற்றின் பக்கம்தான் போக வேண்டும்.

சிந்திக்கத் தக்கவை எவை என்று பிலிப்பியர் 4:8 அடுக்கும்போது "உண்மையுள்ளவைகளெவைகளோ" என்றுதான் தொடங்குகிறது. அன்பும் நற்கீர்த்தியும் பிறகு வருகின்றன. நல்லதையே நினைக்க வேண்டும் என்று மனதை வற்புறுத்துவதற்கு முன், உள்ளதை உள்ளபடி பார்க்கப் பழக வேண்டும் என்பதே இந்த வரிசையிலிருந்து எனக்கு விளங்குகிறது.

கையால் செய்ய வேண்டியதைப் பிரித்துவிடுங்கள்

எருசலேமின் அலங்கத்தைக் கட்டும்போது எதிரிகள் தாக்கப்போவதாகச் செய்தி வந்தது. "நாங்கள் எங்கள் தேவனை நோக்கி ஜெபம்பண்ணி, அவர்கள்நிமித்தம் இரவும்பகலும் ஜாமங்காக்கிறவர்களை வைத்தோம்" என்று நெகேமியா எழுதுகிறார் (4:9). ஜெபமும் காவலும் ஒரே வாக்கியத்தில் அடங்கிவிடுகின்றன. மருத்துவக் காப்பீட்டுத் தாள்களை எடுத்துவைப்பது, வெள்ளிக்கிழமைக்கு விடுப்பு சொல்வது, துணைக்கு வரும்படி தங்கையைக் கூப்பிடுவது ஆகியவை காவல் வைக்கிற வேலை. அவற்றை நோட்டில் எழுதி, செய்து முடித்ததும் கோடிட்டு அடித்துவிடுங்கள். செய்ய முடிந்ததைச் செய்யாமல் விட்டுவிட்டு அதற்காக ஜெபித்துக்கொண்டிருந்தால் மனம் அமைதியடையாது, அடையவும் கூடாது.

செய்வதற்கு எதுவும் இல்லாத மிச்சம்தான் உண்மையான பாரம். அதிலும் இன்றைய பங்கை மட்டுமே எடுத்துக்கொள்ள வேண்டும். வனாந்தரத்தில் மன்னா அன்றன்றைக்கு மட்டும் கொடுக்கப்பட்டது. மறுநாளுக்கென்று சிலர் வைத்தது பூச்சிபிடித்து நாறிப்போயிற்று (யாத்திராகமம் 16:20). "அந்தந்த நாளுக்கு அதினதின் பாடு போதும்" என்று இயேசு மத்தேயு 6:34இல் சொல்லும்போது, நாளைக்குப் பாடு இருக்காது என்று அவர் சொல்லவில்லை. இன்றைக்கும் பாடு உண்டு என்றே ஒப்புக்கொள்கிறார். ரிப்போர்ட் வெள்ளிக்கிழமை என்றால், செவ்வாய்க்கிழமைக்குக் கேட்க வேண்டியது செவ்வாய்க்கிழமையைக் கடக்கிற பெலன்.

எந்தப் பகுதியை எடுப்பது

வருஷப் பிறப்பு ஆராதனையில் வாக்குத்தத்த அட்டை வாங்கி, அதைப் பூஜ்யம் வாட் விளக்குக்குப் பக்கத்தில் ஒட்டிவைக்காத கிறிஸ்தவ வீடு நம் ஊர்களில் குறைவு. அதில் தவறில்லை. ஆனால் நெருக்கடி வரும்போது அட்டையில் இருக்கிற ஒரு வரி போதாமற்போய்விடுகிறது. "அவைகள் தீமைக்கல்ல, சமாதானத்துக்கேதுவான நினைவுகளே" என்ற எரேமியா 29:11, பாபிலோனுக்குச் சிறைபிடித்துக் கொண்டுபோகப்பட்டவர்களுக்கு எழுதப்பட்ட கடிதத்தின் ஒரு பகுதி. அதற்கு முந்தின வசனமே, 70 வருஷம் நிறைவேறின பின்பு என்று சொல்கிறது. அங்கே வீடுகளைக் கட்டிக் குடியிருங்கள், தோட்டங்களை நாட்டுங்கள் என்றும் அதே கடிதம் சொல்கிறது. வெள்ளிக்கிழமைக்குள் நல்ல செய்தி வரும் என்பதற்கு அத்தாட்சியாக அந்த ஒரு வரியை எடுத்துக்கொள்கிறவர், வேறு செய்தி வந்தால் தேவன் வாக்குத் தவறிவிட்டார் என்று நினைக்க நேரிடும். அதிகாரம் முழுவதையும் வாசித்தவரோ, நீண்ட காத்திருப்பின் நடுவிலும் தேவன் தம்முடைய ஜனத்தை மறக்கவில்லை என்கிற பலமான ஆறுதலைக் கண்டடைவார். காலையில் வாட்ஸ்அப்பில் வருகிற வசனப் படங்களைப் பற்றியும் எனக்கு இதே அபிப்பிராயந்தான்: பத்துப் பேருக்கு அனுப்பிவிட்டோம் என்பதால் நாம் அதைத் தியானித்துவிட்டதாக ஆகாது.

ஆகவே ஒரு முழுப் பகுதியை எடுங்கள், சிறியதாக எடுங்கள். கவலைக்கென்றே எழுதினதுபோல் இருப்பது 13ஆம் சங்கீதம். ஆறே வசனங்கள். முதலிரண்டு வசனங்கள் முறையீடு: "கர்த்தாவே, எதுவரைக்கும் என்னை மறந்திருப்பீர்?" என்று தொடங்கி, தன் ஆத்துமாவிலேயே ஆலோசனை பண்ணிப் பண்ணி, நாள்தோறும் இருதயத்தில் சஞ்சலப்படுகிற நிலையைத் தாவீது சொல்கிறார். ஓய்வில்லாமல் ஒன்றையே யோசித்துக்கொண்டிருப்பதை இதைவிடச் சுருக்கமாகச் சொல்ல முடியாது. அடுத்த இரண்டு வசனங்கள் விண்ணப்பம்: "எனக்குச் செவிகொடுத்தருளும்", "என் கண்களைத் தெளிவாக்கும்". கடைசி இரண்டும் நம்பிக்கை: "நான் உம்முடைய கிருபையின்மேல் நம்பிக்கையாயிருக்கிறேன்."

இந்தச் சங்கீதத்தை மூன்று முறை மெதுவாக, வாய்விட்டு வாசியுங்கள். பிறகு அதன் மூன்று பாகங்களிலும் உங்கள் வாக்கியங்களை வைத்து ஜெபியுங்கள். மேலே சொன்ன தாயின் ஜெபம் இப்படி இருக்கலாம்:

"கர்த்தாவே, இந்த ரிப்போர்ட்டுக்காக எதுவரைக்கும் காத்திருப்பேன்? அடுப்படியில் நிற்கும்போதும் பஸ்ஸில் போகும்போதும் இதையே எத்தனை முறை எனக்குள்ளே ஓட்டிப்பார்ப்பேன்? பிள்ளைகள் முகத்தைப் பார்த்தால் நெஞ்சு அடைக்கிறது. நீர் என்னைப் பார்க்கிறீரா என்றே எனக்குத் தெரியவில்லை. என் தேவனே, எனக்குச் செவிகொடும். அது சாதாரணக் கட்டியாயிருக்கும்படி உம்மிடத்தில் கேட்கிறேன். டாக்டர் சொல்வதைப் பதறாமல் கேட்கிற தெளிவைத் தாரும். வெள்ளிக்கிழமை எது வந்தாலும் உம்முடைய கிருபை என்னைவிட்டு விலகாது என்று நம்புகிறேன். முழு மனதோடு நம்ப முடியாத இடத்தில் எனக்கு உதவிசெய்யும்."

முறையீட்டைச் சுருக்கிவிட்டு நம்பிக்கைக்கு அவசரமாய்த் தாவ வேண்டாம். தேவனிடத்தில் இப்படிப் பேசலாமா என்று தயங்குகிறவர்கள், இந்த வார்த்தைகள் வேதாகமத்திலேயே இருக்கின்றன என்பதை நினைத்துக்கொள்ளட்டும். மாறாக, முறையீட்டோடு நின்றுவிடவும் வேண்டாம். ஐந்தாம் வசனத்துக்கு வரும்போது தாவீதின் எதிரி ஒழிந்துபோனதாக எந்தக் குறிப்பும் இல்லை. நிலைமை மாறாதபோதே அவர் நம்புகிறேன் என்கிறார். நம்பிக்கை என்றால் நாம் விரும்பின முடிவு நிச்சயம் கிடைக்கும் என்ற உறுதி என்று பலர் எண்ணிக்கொண்டிருக்கிறார்கள். அக்கினிச் சூளைக்கு முன் நின்ற சாத்ராக், மேஷாக், ஆபேத்நேகோ மூவரும், எங்கள் தேவன் எங்களைத் தப்புவிக்க வல்லவர் என்றும், அப்படி அவர் விடுவிக்காமற்போனாலும் சிலையைப் பணியமாட்டோம் என்றும் ஒரே மூச்சில் சொன்னார்கள் (தானியேல் 3:17, 18). கெத்செமனேயில் இயேசு, பாத்திரம் நீங்கும்படி கேட்ட பிறகே "உம்முடைய சித்தத்தின்படியே ஆகக்கடவது" என்றார். கேட்பதும் ஒப்புவிப்பதும் ஒன்றுக்கொன்று விரோதமல்ல. கடைசி வாக்கியத்தைச் சொல்லத் தைரியம் வராதவர்களுக்கு மாற்கு 9:24இல் ஒரு தகப்பனின் ஜெபம் இருக்கிறது: "விசுவாசிக்கிறேன் ஆண்டவரே, என் அவிசுவாசம் நீங்கும்படி உதவிசெய்யும்."

நன்றியும் இந்த ஜெபத்தில் இடம்பெற வேண்டும். கட்டிக்காக நன்றி சொல்ல வேண்டும் என்று யாரும் கட்டாயப்படுத்தவில்லை. சீக்கிரமே கண்டுபிடிக்க முடிந்தது, கூட வருவதற்குத் தங்கை இருக்கிறாள், இன்று காலை பிள்ளை சிரித்தது என்று, உண்மையாகவே நன்றிக்குரிய இரண்டு மூன்றைச் சொன்னால் போதும்.

பழைய காரியங்களை எழுதிவையுங்கள்

77ஆம் சங்கீதத்தில் ஆசாப், "தேவன் இரக்கஞ்செய்ய மறந்தாரோ?" என்று கேட்கிற அளவுக்குப் போய்விடுகிறார். திரும்புகிற இடம் 11ஆம் வசனம்: "கர்த்தருடைய செயல்களை நினைவுகூருவேன்." அவர் நினைவுகூருவது பொதுவான ஒரு கருத்தை அல்ல, கடலில் தேவனுடைய வழி இருந்ததையும், மோசே ஆரோன் என்பவர்களின் கையால் ஜனங்கள் நடத்தப்பட்டதையும் பெயர்சொல்லி நினைக்கிறார். நம் வீட்டு வாசல்களில் எழுதப்பட்டிருக்கும் "எபெனேசர்" என்பதும் இப்படிப்பட்ட நினைவுக்கல்தான். "இம்மட்டும் கர்த்தர் எங்களுக்கு உதவிசெய்தார்" என்று சொல்லி சாமுவேல் நிறுத்தினது (1 சாமுவேல் 7:12). நோட்டின் பின்பக்கங்களை இதற்கென்று ஒதுக்கி, முன்பு நீங்கள் இதேபோலப் பயந்த காரியங்கள் எவை, அவை எப்படி முடிந்தன என்று வருஷத்தோடு எழுதுங்கள். நீங்கள் கேட்டபடி நடக்காத காரியங்களையும் மறைக்காமல் எழுதி, அப்போது உங்களைத் தாங்கினது எது என்பதையும் சேர்த்து எழுதுங்கள். வெற்றிகளை மட்டும் எழுதிய பட்டியல், தோல்வி வரும் நாளில் கைகொடுக்காது.

இரவு நேரம்

பகலில் ஓரளவு அடங்கியிருக்கிற கவலை, விளக்கணைத்த பிறகு எழுந்திருக்கிறது. "நான் தூங்காதபடி என் கண்ணிமைகளைப் பிடித்திருக்கிறீர்" என்று ஆசாப் சொன்னதும் அந்த நேரத்தைத்தான். படுக்கைக்குப் பக்கத்தில் அச்சிட்ட வேதாகமத்தை வையுங்கள். போனில் வாசிக்கத் தொடங்கினால் இரண்டு நிமிடத்தில் கூகுளில் நோய் அறிகுறிகளைத் தேடிக்கொண்டிருப்பீர்கள். புதிதாக எதையும் ஆராய்வதற்கு அது நேரமல்ல. பகலில் மனப்பாடம் செய்த ஒரு வசனம் போதும். "நான் பயப்படுகிற நாளில் உம்மை நம்புவேன்" என்ற சங்கீதம் 56:3, காத் ஊரில் பெலிஸ்தர் கையில் தாவீது அகப்பட்ட சமயத்துக்குரியதென்று அதன் தலைப்பு சொல்கிறது. மூச்சை இழுக்கும்போது முதல் பாதியையும், விடும்போது "உம்மை நம்புவேன்" என்பதையும் மனதுக்குள் மெதுவாகச் சொல்லிக்கொண்டிருக்கலாம். எண்ணம் மறுபடியும் ரிப்போர்ட்டுக்குப் போனால், உங்களையே கடிந்துகொள்ளாமல், வசனத்துக்குத் திரும்புங்கள். பத்து வசனங்களை அரைகுறையாகத் தெரிந்துவைப்பதைவிட, வாரத்துக்கு ஒன்றை இப்படி உள்ளே இறக்கிவைப்பது மேல். நெடுநேரம் தூக்கம் வராவிட்டால், எழுந்து உட்கார்ந்து 3ஆம், 4ஆம் சங்கீதங்களை வாசித்துவிட்டு மறுபடியும் படுங்கள். தன் மகன் அப்சலோமுக்குத் தப்பி ஓடின தாவீது, "நான் படுத்து நித்திரைசெய்தேன், விழித்துக்கொண்டேன், கர்த்தர் என்னைத் தாங்குகிறார்" என்று சொல்வது அந்த மூன்றாம் சங்கீதத்தில்தான்.

அமைதி வராதபோது

இவ்வளவும் செய்த பிறகும் மனம் அடங்காத நாட்கள் உண்டு. 88ஆம் சங்கீதம் கூக்குரலோடு தொடங்கி இருளிலேயே முடிகிறது. ஆனாலும் அது வேதாகமத்தில் இருக்கிறது, அதுவும் ஜெபந்தான். அப்படிப்பட்ட நாளில் அதை வாசியுங்கள்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். சூரைச்செடியின் கீழ் படுத்து, போதும் கர்த்தாவே, என் ஆத்துமாவை எடுத்துக்கொள்ளும் என்று கேட்ட எலியாவுக்கு, தேவதூதன் முதலில் பிரசங்கம் பண்ணவில்லை. சுட்ட அடையும் தண்ணீரும் கொடுத்து, தூங்கவிட்டு, மறுபடியும் எழுப்பிச் சாப்பிடச் சொன்னான் (1 இராஜாக்கள் 19). சரீரத்துக்கு வேண்டியதைக் கொடுப்பது விசுவாசக் குறைவாகாது. வாரக்கணக்கில் தூக்கமில்லாமை, காரணமில்லாமல் படபடப்பு, வேலை செய்ய முடியாத நிலை, சாக வேண்டும் என்ற எண்ணம் ஆகியவற்றில் ஏதாவது இருந்தால் மனநல மருத்துவரிடம் போகத் தயங்காதீர்கள். இந்தியாவில் 14416 என்ற டெலி மானஸ் மனநல உதவி எண்ணிலும், இலங்கையில் 1926 என்ற எண்ணிலும் பேசலாம். மாத்திரை சாப்பிடுகிறவர் ஜெபிப்பதை விடவேண்டியதில்லை. ஜெபிக்கிறவர் மாத்திரையை நிறுத்தவும் வேண்டியதில்லை. நிறுத்தச் சொல்கிற ஊழியர் யாராயிருந்தாலும் அந்த விஷயத்தில் அவர் பேச்சைக் கேட்க வேண்டாம்.

கூடவே ஒருவரையாவது துணைக்கு வைத்துக்கொள்ளுங்கள். "ஒருவர் பாரத்தை ஒருவர் சுமந்து" என்று கலாத்தியர் 6:2 சொல்லும்போது, பாரம் இருக்கிறது என்று ஒருவர் வாய்திறந்து சொன்னால்தான் மற்றவர் சுமக்க முடியும். சபை முழுவதற்கும் அறிவித்து ஜெபக்குறிப்பில் எழுதிப்போட வேண்டிய அவசியமில்லை. கேட்டதை வெளியே சொல்லாதவராக, உடனே அறிவுரை ஆரம்பிக்காதவராக ஒருவரைத் தெரிந்தெடுங்கள். ஒரு சித்தியாகவோ, பக்கத்து வீட்டு அக்காவாகவோ, போதகராகவோ இருக்கலாம். நோட்டில் எழுதிய அந்த ஒரு வாக்கியத்தை அவரிடம் வாசித்துக் காட்டி, "எனக்கு இப்போது ஆலோசனை வேண்டாம், என்னோடுகூட 13ஆம் சங்கீதத்தை வாசித்து ஜெபம்பண்ணுங்கள், வெள்ளிக்கிழமை சாயங்காலம் ஒரு போன் பண்ணுங்கள்" என்று கேளுங்கள்.